முதல் பம்ப் ஆக்‌ஷன் ஷாட்கன்: நான் இடக்கை, மனைவி வலக்கை. இருவருக்கும் ஒரே துப்பாக்கி சரிவருமா?

இடக்கைக்காரன்:

வணக்கம். மூன்று மாதமாக இங்கே மற்றவர்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றுதான் கேட்க வந்திருக்கிறேன்.

பாதுகாப்புப் பயிற்சி முடித்தாயிற்று, உரிமமும் கைக்கு வந்துவிட்டது. நானும் மனைவியும் ஐந்தாறு ஞாயிறுகள் சுடுதளத்துக்குப் போய் வாடகைத் துப்பாக்கியால் களிமண் தட்டு சுட்டிருக்கிறோம். தட்டு காற்றிலேயே தூளாகும்போது வருகிற சந்தோஷத்துக்காகவே சொந்தமாக ஒரு பம்ப் ஷாட்கன், அதாவது முன்பிடியைப் பின்னே இழுத்து முன்னே தள்ளித் தோட்டா ஏற்றுகிற வகை, வாங்கலாம் என்று முடிவு செய்தோம். வீடு கொஞ்சம் ஒதுக்குப்புறம். ராத்திரி அவசரம் என்று கூப்பிட்டால் போலீஸ் வந்து சேர நேரமாகும். அதனால் அதே துப்பாக்கி வீட்டுக் காவலுக்கும் இருக்கட்டும் என்று நினைக்கிறோம். இரண்டு வாங்க இப்போது வசதியில்லை.

குழப்பம் என்னவென்றால், நான் இடக்கைப் பழக்கம், ஆறடி உயரம். மனைவி வலக்கை, ஐந்தடிக்கு மேல் ஒரு அங்குலம்தான். போன ஞாயிறு 12 கேஜில் (கேஜ் என்பது குழல் விட்டத்தைக் குறிக்கும் எண்) 28 கிராம் ஈய ரவை உள்ள தோட்டா ஐம்பது சுட்டாள். மறுநாள் பார்த்தால் தோள் நீலம் பாய்ந்து கன்றிப்போயிருந்தது. "இனிமேல் நீங்கள் மட்டும் போங்கள்" என்று சொல்லிவிட்டாள். தட்டு உடைத்ததில் என்னைவிட அவளுக்குத்தான் ஆர்வம் அதிகம் என்பதால் எனக்கு மனசு கேட்கவில்லை.

எல்லாரும் ரெமிங்டன் 870, மாஸ்பெர்க் 500 என்ற இரண்டு பெயரைத்தான் சொல்கிறார்கள். எங்களுக்கு எது பொருந்தும்? 12-ஆ, 20-ஆ? குழல் நீளமா, குட்டையா? இன்னொன்று, வீட்டில் ஏழு வயது மகள் இருக்கிறாள். அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

எஃகுப்பெட்டி:

870 வாங்குங்கள். 1950-இல் வந்த வடிவம், ஒரு கோடிக்கு மேல் செய்திருக்கிறார்கள். ரிசீவர், அதாவது தோட்டா ஏறி இறங்கும் நடுக்கூடு, முழு எஃகுக் கட்டியில் கடைந்தது. இரண்டு பக்கமும் தண்டு இருப்பதால் முன்பிடியை இழுக்கும்போது திருகிக்கொள்ளாது. என்னுடையது இருபத்திரண்டு வருடமாக என்னிடம் இருக்கிறது. இதுவரை மாற்றியது ஒரு ஸ்பிரிங், ஒரு ரப்பர் பட்டை, அவ்வளவுதான். நன்றாகப் பழகிய 870-இன் முன்பிடியை விட்டால் தன் எடையிலேயே சறுக்கிக்கொண்டு வரும். அந்த வழவழப்பு அலுமினிய ரிசீவரில் கிடைக்காது என்பது என் அனுபவம். உதிரிப் பாகமும் எங்கும் கிடைக்கும்.

20 கேஜ் வேண்டாம். 12-க்குத்தான் தோட்டா வகை அதிகம்.

ஆரஞ்சுத்தட்டு:

தம்பி, நீங்கள் பெயரைக் கேட்டீர்கள். நான் முதலில் உங்கள் மனைவியின் தோளைப் பற்றித்தான் பேசப் போகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் ஐந்தடிதான். பதினோரு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் புதிதாக வருகிறவர்களுக்குக் களிமண் தட்டு சுடக் கற்றுக்கொடுக்கிறேன். நான் சுடக் கற்றது என் அண்ணனுடைய துப்பாக்கியில். தோளில் வைக்கிற பின்கட்டை அவன் கைக்கு அளவானது, எனக்கு ஒன்றரை அங்குலம் அதிகம். அடிக்கட்டை தோள்குழியில் உட்காராமல் புஜத்தில் போய் நிற்கும். கன்னம் கட்டையில் படியாது. ஒரு வருடம் அப்படியே சுட்டேன். கன்றிப்போவது சகஜம் என்று நினைத்துக்கொண்டேன், யாரும் அப்படியில்லை என்று சொல்லவும் இல்லை.

தோள் காயம் ஆறிவிட்டது. உள்ளே புகுந்த பயம் ஆறவில்லை. பிறகு கிடைத்த பயிற்சியாளர் ஒருநாள் தோட்டாவை அவரே போட்டுத் துப்பாக்கியை என் கையில் கொடுத்தார். ஐந்தாவதோ ஆறாவதோ போலித் தோட்டா, எனக்குத் தெரியாது. ட்ரிகரை இழுத்தேன். 'டிக்' என்ற சத்தம் மட்டும்தான் வந்தது. ஆனால் குழல்முனை ஒரு ஜாண் கீழே இறங்கிவிட்டது, என் கண் இரண்டும் மூடியிருந்தன. வெடிக்காத தோட்டாவுக்கே உடம்பு முழுக்கச் சுருங்கியிருக்கிறது. அந்தப் பழக்கம் போக எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. ஆகையால் உங்கள் மனைவி "இனிமேல் வரவில்லை" என்று சொன்னதை நல்ல சமயத்தில் சொன்ன வார்த்தையாக எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு அளவான கட்டை கிடைக்கும்வரை அந்த வாடகைத் துப்பாக்கியை அவர் கையில் மறுபடி கொடுக்காதீர்கள்.

பார்க்கும் முறை எளிது. சேம்பரும் (சுடப்போகும் தோட்டா உட்காரும் இடம்) மேகசினும் (மற்றத் தோட்டாக்கள் இருக்கும் குழாய்) காலி என்று கண்ணால் பார்த்து விரலாலும் தடவி உறுதி செய்துகொண்டு, குழலைப் பத்திரமான பக்கம் நீட்டி, தோளில் ஏற்றச் சொல்லுங்கள். கன்னம் கட்டையில் தானாகப் படிய வேண்டும். பிடித்திருக்கும் கையின் கட்டைவிரலுக்கும் மூக்குக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்க வேண்டும். தலையை முன்னால் நீட்டினாலோ, முதுகைப் பின்னால் வளைத்தாலோ கட்டை நீளம். சாதாரணமாகப் பெரியவர்களுக்கென்று வரும் துப்பாக்கியில் ட்ரிகரிலிருந்து அடிக்கட்டைவரை 14 அங்குலம் அளவில் இருக்கும். சிறிய உடம்புக்கென்று 12, 13 அங்குலத்திலும் செய்கிறார்கள். இருவருக்கும் ஒரே துப்பாக்கி என்றால் அவருடைய அளவுக்கு வாங்குங்கள். கை நீளமானவர் குட்டைக் கட்டையில் சமாளித்துவிடலாம். கை குட்டையானவரால் நீளக் கட்டையில் சமாளிக்கவே முடியாது. ஸ்பேசர் தகடு வைத்து நீளம் கூட்டும் கட்டைகளும் உண்டு, உங்கள் முறை வரும்போது ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

சரி, பெயருக்கு வருகிறேன். 870-இன் சேஃப்டி, அதாவது தவறிச் சுடாமல் தடுக்கிற பூட்டு, ட்ரிகர் காப்பின் பின்பக்கம் குறுக்கே ஓடுகிற பொத்தான். வலக்கைக்காரர் ஆள்காட்டி விரலால் வலமிருந்து இடமாகத் தள்ளிச் சுடத் தயாராக்குவார். உங்கள் இடக்கை ஆள்காட்டி விரல் அந்தப் பொத்தானின் தப்பான பக்கத்தில் இருக்கும். 1960-களின் தொடக்கத்திலிருந்து வருகிற மாஸ்பெர்க் 500-இல் சேஃப்டி ரிசீவரின் மேல், பின்கோடியில் இருக்கிறது. எந்தக் கையின் கட்டைவிரலாலும் முன்னே தள்ளலாம், பின்னே இழுக்கலாம். துப்பாக்கியைத் தோளில் வைத்தபடியே அது எங்கே நிற்கிறது என்று கண்ணுக்கும் தெரியும். ஒருவர் இடக்கை, ஒருவர் வலக்கை என்கிற உங்கள் வீட்டுக்கு இது ஒன்றே போதுமான காரணம் என்பேன். ஒரு எச்சரிக்கை மட்டும்: கைத்துப்பாக்கி மாதிரி செங்குத்தான பிடி வைத்த கட்டையை மாட்டினால் கட்டைவிரல் மேலே எட்டாது. சாதாரணக் கட்டையே இருக்கட்டும்.

காலித் தோட்டா இரண்டிலும் வலப்பக்கம்தான் பறக்கும். இடக்கைக்காரருக்கு அது முகத்துக்கு முன்னால் குறுக்கே போகிற மாதிரி தெரியும். ஆனால் வெளியேதான் போகிறது, உங்கள் மேல் படாது. அது பிடிக்கவில்லை என்றால் பிரௌனிங் பிபிஎஸ், இத்தாக்கா 37 இரண்டையும் எங்காவது எடுத்துப் பாருங்கள். இரண்டிலும் தோட்டாவைப் போடுவதும் வெளியே வருவதும் அடிப்பக்கம்தான். பிபிஎஸ்ஸில் சேஃப்டியும் மேலேயே இருக்கிறது. எடை கொஞ்சம் கூடுதல், உங்கள் மனைவி நாள் முழுக்கத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

12-ஆ, 20-ஆ என்பதில் பலர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. கேஜ் எண் ஏற ஏற குழல் சிறுக்கும். 12 கேஜ் உள்விட்டம் 18.5 மில்லிமீட்டர், 20 கேஜ் 15.6. அதனால் 20 உதைக்காது என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள். உதையைத் தீர்மானிப்பது தோட்டாவில் எவ்வளவு ஈயம், எவ்வளவு வேகம், துப்பாக்கி எவ்வளவு எடை என்பதுதான். 20 கேஜ் துப்பாக்கி எடை குறைவு. அதில் கனமான தோட்டாவைப் போட்டால் பலமாக உதைக்கும். மூன்றேகால் கிலோ 12 கேஜில் 24 கிராம் தோட்டாவைப் போட்டால் மெல்லத் தள்ளுகிற மாதிரிதான் இருக்கும். ஒலிம்பிக் ட்ராப், ஸ்கீட் போட்டிகளில் சுடுவதே 24 கிராம் தோட்டாதான், அதற்கு மேல் அனுமதி இல்லை. அங்கே உடைகிற தட்டு நமக்கும் உடையும். உங்கள் மனைவி சுட்ட 28 கிராமும் பெரிய தோட்டா இல்லை. அவரைக் காயப்படுத்தியது பெரும்பாலும் கட்டை நீளம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. 12 கேஜ், அளவான கட்டை, 24 கிராம் தோட்டா, இந்த மூன்றையும் சேர்த்து இருபத்தைந்து சுட்டுப் பார்க்கட்டும். அப்போதும் வலித்தால் தயங்காமல் 20-க்குப் போங்கள். அதிலும் மகிழ்ச்சியாகத் தட்டு உடைக்கிறவர்கள் எத்தனையோ பேர்.

ஒன்று மட்டும் தயவுசெய்து நினைவில் வையுங்கள். 12-உம் 20-உம் ஒரே பையில் ஒருநாளும் இருக்கக் கூடாது. 20 கேஜ் தோட்டா 12 கேஜ் குழலுக்குள் வழுக்கிப் போய் நடுவில் சிக்கிக்கொள்ளும். சேம்பர் காலி என்று நினைத்துப் பின்னால் 12-ஐப் போட்டுச் சுட்டால் குழல் கையிலேயே வெடிக்கும். 20 கேஜ் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருப்பதே இதற்காகத்தான்.

குழல் விஷயத்தில் நீங்கள் கவலைப்படவே வேண்டாம். பம்ப் துப்பாக்கியில் குழலைக் கழற்றி மாட்ட இரண்டு நிமிடம் போதும். 28 அங்குலம் ஒன்று, 18.5 அங்குலம் ஒன்று என்று இரண்டு குழலோடு சேர்த்தே விற்கிறார்கள். தட்டுக்கு நீளக் குழல் வேண்டும். முன்பக்க எடைதான் வீச்சை நிறுத்தாமல் கொண்டுபோகும். குட்டைக் குழலால் தட்டு சுட்டால் கை பாதியில் நின்றுவிடும், ரவை தட்டுக்குப் பின்னால் போகும். வீட்டுக்குள் திரும்ப குட்டைக் குழல் வசதி.

அடுத்தது பம்ப் செய்வது. புதியவர்கள் எல்லாரும் செய்கிற தவறு பாதி இழுப்பு. ஸ்கீட்டில் சில நிலைகளில் இரண்டு தட்டு ஒன்றாகப் பறக்கும். முதல் தட்டு உடைந்ததைப் பார்த்த சந்தோஷத்தில் முன்பிடியை முக்கால்வாசி இழுத்து முன்னே தள்ளிவிடுவார்கள். அடுத்த தோட்டா மேலே ஏறியிருக்காது. ட்ரிகரை இழுத்தால் 'டிக்'. அப்போது துப்பாக்கியைத் திருப்பிப் பார்க்கவே கூடாது. குழலைத் தளத்தின் பக்கமே நீட்டியபடி முப்பது விநாடி நின்று, பிறகுதான் திறக்க வேண்டும். தாமதித்து வெடிக்கும் தோட்டா அபூர்வம்தான், ஆனால் உண்டு. பழக்கம் வர ஒரே வழி, அரை டஜன் போலித் தோட்டா வாங்கி, உண்மைத் தோட்டா எதுவும் இல்லாத அறையில் தினமும் பத்து நிமிடம் பம்ப் செய்வது. பின்சுவரில் இடிக்கிற மாதிரி பலமாக இழுக்க வேண்டும், அதே பலத்தோடு முன்னே தள்ள வேண்டும். துப்பாக்கி கெட்டுவிடுமோ என்று மென்மையாக இழுப்பதுதான் தகராறு செய்யும்.

எஃகுப்பெட்டி சொன்ன வழவழப்பு உண்மைதான். நானும் அதை ரசித்திருக்கிறேன்.

எஃகுப்பெட்டி:

இடக்கை விஷயத்தை நான் கவனிக்காமல் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். 870-க்கு இடக்கை சேஃப்டி பொத்தான் தனியாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மாற்றினால் உங்கள் மனைவிக்குத் தலைகீழாகிவிடும். ஒருவர் விரலில் பழகிய திசை இன்னொருவருக்கு எதிர்த்திசையாக இருக்கிற துப்பாக்கியை வீட்டில் வைக்கக் கூடாது. உங்களுக்கு 500 சரி.

பழைய துப்பாக்கி மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது காட்டினால் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். வின்செஸ்டர் 1897, மாடல் 12, ஆரம்பகால இத்தாக்கா 37 ஆகியவற்றில் ட்ரிகரை அழுத்தியபடியே பம்ப் செய்தால், மூடியவுடன் வெடித்துவிடும். இன்றைய துப்பாக்கிகளில் விரலை எடுத்து மறுபடி இழுத்தால்தான் சுடும். பழசு அழகுதான், ஆனால் முதல் துப்பாக்கியாக வேண்டாம்.

இடக்கைக்காரன்:

ஆரஞ்சுத்தட்டு அக்கா, மிக்க நன்றி. நீங்கள் எழுதியதை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். கண் மூடிக்கொள்கிற இடம் வந்ததும் "எனக்கும் அப்படித்தான் ஆகிறது" என்றாள். எனக்கு அதுவரை தெரியாது.

நேற்று கடைக்குப் போய் இரண்டையும் தோளில் வைத்துப் பார்த்தோம். 14 அங்குலக் கட்டையில் அவள் பின்னால் சாய்ந்துதான் நின்றாள். 13 அங்குலக் கட்டையில் கன்னம் தானாகப் படிந்தது. எனக்கு மூக்கருகே கட்டைவிரல் வந்துவிட்டது, ஸ்பேசர் வைத்ததும் சரியாகிவிட்டது. சேஃப்டி விஷயத்தில் கேள்வியே இல்லை, 500தான்.

இனி வீட்டுக் காவல் பற்றித்தான் கேட்க வேண்டும். என்ன தோட்டா வைப்பது? கடைக்காரர் "ஷாட்கன் என்றால் குறி பார்க்கவே வேண்டாம், பம்ப் செய்யும் சத்தம் கேட்டாலே ஓடிவிடுவான்" என்றார். எங்கள் படுக்கையறைக்கும் மகள் அறைக்கும் நடுவில் இருப்பது மெல்லிய தடுப்புச் சுவர்தான். அதை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

பின்வாசல்:

நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை. இதற்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு ராத்திரி, இரண்டு மணி இருக்கும், பின்பக்கக் கதவு திறக்கிற சத்தம். நானும் மனைவியும் மட்டும்தான் வீட்டில். துப்பாக்கியை எடுத்தேன், தோட்டாவை ஏற்றினேன், இருட்டிலேயே நடையில் இறங்கிப் போனேன். சமையலறை வாசலில் ஒரு ஆள் உருவம். பை ஒன்றைக் கீழே வைக்கக் குனிந்துகொண்டிருந்தது. சேஃப்டியை எடுத்துவிட்டேன். என் விரல் ட்ரிகர் காப்புக்குள் இருந்தது. அந்த உருவம் இருமியது.

அந்த இருமல் எனக்குத் தெரிந்த இருமல். விடுதியில் படித்துக்கொண்டிருந்த என் மகன். தேர்வு முன்கூட்டியே முடிந்து, எங்களை எழுப்ப வேண்டாம் என்று தன்னிடம் இருந்த சாவியால் திறந்து வந்திருக்கிறான். துப்பாக்கியைக் கீழே இறக்கி, தோட்டாவை ஒவ்வொன்றாக வெளியே எடுக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்றே தெரியவில்லை. ஒரு தோட்டா உருண்டு அடுப்புக்கடியில் போய்விட்டது, அதை எடுக்கக் குனிந்தவன் எழுந்திருக்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவனிடம் நடந்ததை முழுதாகச் சொன்னதே மூன்று வருடம் கழித்துத்தான்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் வைத்துக்கொண்ட முறையைச் சொல்கிறேன். சத்தம் கேட்டால் யாரும் தேடிப் போவதில்லை. முதலில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம், சத்தமாக. வீட்டு ஆள் என்றால் பதில் வரும். பதில் இல்லை என்றால் எல்லாரும் ஒரே அறைக்குள், கதவைத் தாழிட்டு, போனில் போலீஸ். போனை வைக்காமல் பேசிக்கொண்டே இருப்பது என் மனைவியின் வேலை. துப்பாக்கி என்னிடம், கட்டிலின் மறுபக்கம், கதவை நோக்கி. கதவைத் தாண்டி நான் போவதில்லை. வெளியே இருக்கிற டிவியும் பணமும் போனால் போகட்டும். உங்களுக்கு மகள் இருக்கிறாள், அவளை எடுத்துக்கொண்டு வருவதுதான் திட்டத்தின் முதல் அடி. அவளுடைய அறை வழியில் இருக்கிறதா, யார் போய் எடுப்பது, எல்லாவற்றையும் பகலில் துப்பாக்கியைத் தொடாமல் நடந்து பாருங்கள்.

டார்ச் இல்லாமல் துப்பாக்கியை எடுக்கவே எடுக்காதீர்கள். முன்பிடியில் பொருத்துகிற விளக்கு நல்லதுதான், ஆனால் அதோடு கையில் தனி டார்ச்சும் வேண்டும். துப்பாக்கி விளக்கால் ஆளைத் தேடினால் குழலையும் ஆள் மேல் நீட்டுகிறீர்கள் என்று அர்த்தம்.

கடைக்காரர் சொன்ன சத்தக் கதையை மறந்துவிடுங்கள். சத்தம் கேட்டு ஓடுகிறவன் விளக்கைப் போட்டாலே ஓடுவான். ஓடாதவனுக்கு நீங்கள் நிற்கிற இடம் தெரிந்துவிடும்.

சுவரைப் பற்றிய உங்கள் பயம் நியாயமான பயம். இரட்டைப் பூஜ்யம் (00) என்கிற பெரிய ரவை ஒவ்வொன்றும் 8.4 மில்லிமீட்டர், ஒரு தோட்டாவில் எட்டோ ஒன்பதோ இருக்கும். மெல்லிய தடுப்புச் சுவரை அது ஊடுருவி அடுத்த அறைக்கும் போகும். தட்டு சுடுகிற பொடி ரவைகூடக் கிட்டத்தில் அப்படியொரு சுவரைத் துளைத்துவிடும். எந்தத் தோட்டா என்று தேடுவதற்கு முன்னால் எந்தத் திசையில் ஒருபோதும் சுடக் கூடாது என்று முடிவு செய்யுங்கள். மகள் உங்களோடு அறைக்குள் வந்துவிட்டால் அந்தச் சுவரின் கவலை பாதி தீர்ந்தது.

சட்டத்தையும் படித்துவிடுங்கள். வீட்டில் எப்படி வைக்க வேண்டும், தற்காப்பு எந்த அளவுக்குச் செல்லும் என்பது ஒவ்வொரு நாட்டிலும் வேறு.

ஆரஞ்சுத்தட்டு:

பின்வாசல் ஐயா, இதை எழுதியதற்கு நன்றி. என் வகுப்புக்கு வருகிறவர்களிடம் இந்தத் திட்டத்தைச் சொல்ல உங்கள் அனுமதி வேண்டும்.

தம்பி, "குறி பார்க்கவே வேண்டாம்" என்பதற்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். ஒரு பெரிய வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு சுடுதளத்துக்குப் போங்கள். குட்டைக் குழலை மாட்டி, ஐந்து மீட்டரில் ஒன்று, பத்து மீட்டரில் ஒன்று சுடுங்கள். ஐந்து மீட்டர் என்பது பல வீடுகளில் அறையின் ஒரு மூலையிலிருந்து மறுமூலை. அங்கே ரவை எல்லாம் உள்ளங்கை அளவுக்குள் இருக்கும். அந்தத் தூரத்தில் குறி கொஞ்சம் விலகினாலே படாது. ஒரே குழலில் ஒவ்வொரு தோட்டாவும் ஒவ்வொரு விதமாகப் பரவும், ஆகையால் இரண்டு மூன்று வகையைப் பார்த்து எது நெருக்கமாக விழுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். 3 அங்குலத் தோட்டா வேண்டாம், 2¾ அங்குலத்திலேயே உதை குறைவாகச் செய்தது கிடைக்கும். உங்கள் மனைவி சுட முடியாத தோட்டா உங்கள் வீட்டில் இருக்கக் கூடாது.

பூட்டு விஷயத்தில் நான் கண்டிப்பானவள். எங்கள் உறவில் ஒரு வீட்டில் துப்பாக்கி பீரோ மேல் இருந்தது, குழந்தைக்கு எட்டாது என்றார்கள். விருந்தாளியாக வந்தவர்களின் பையன், எட்டு வயது, நாற்காலி போட்டு ஏறி எடுத்துவிட்டான். காலியாக இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. எட்டாது என்கிற கணக்கு பிள்ளைகளிடம் செல்லாது. சுவரில் போல்ட் போட்டு இறுக்கிய இரும்புப் பெட்டி வேண்டும். எண்ணோ விரல்ரேகையோ வைத்துச் சட்டென்று திறக்கிற பூட்டு இருந்தால் அவசரத்துக்கும் ஆகும். எண் உங்கள் இருவருக்கும் மட்டும் தெரிய வேண்டும், மகளின் பிறந்த நாள் எண்ணாக இருக்கக் கூடாது. தோட்டாவுக்கு வேறு பூட்டு. சேம்பரில் எப்போதுமே தோட்டா இருக்கக் கூடாது. பம்ப் துப்பாக்கியின் சேஃப்டி பொதுவாக ட்ரிகரை மட்டும்தான் தடுக்கும், தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கிற ஃபயரிங் பின்னைத் தடுக்காது. பலமாகக் கீழே விழுந்தால் அதை நம்ப முடியாது.

மகளிடம் மறைக்காதீர்கள். ஒருமுறை காலித் துப்பாக்கியை நீங்கள் கையில் வைத்துக்கொண்டு காட்டுங்கள். எங்கே பார்த்தாலும் தொடாமல் பெரியவர்களிடம் வந்து சொல்ல வேண்டும் என்று பழக்குங்கள். இது உங்கள் வீட்டுக்கு மட்டும் இல்லை, அவள் விளையாடப் போகிற வீடுகளுக்கும் சேர்த்துத்தான்.

அப்புறம் காது. ஒரு வெடிச் சத்தம் 150 டெசிபலைத் தாண்டும். 140-க்கு மேல் ஒரே சத்தத்திலேயே கேட்கும் திறன் குறையலாம். சுடுதளத்தில் காதடைப்பான் போடுகிறீர்கள் சரி, மின்னணுக் காதடைப்பான் ஒன்றை அந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். பேச்சு கேட்கும், வெடியை அமுக்கிவிடும்.

இடக்கைக்காரன்:

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். 500, 12 கேஜ், 13 அங்குலக் கட்டை, இரண்டு குழல். பெட்டியைச் சுவரில் இறுக்கிய பிறகுதான் துப்பாக்கியைக் கொண்டுவந்தோம்.

மனைவி முதல் ஞாயிறு 24 கிராமில் இருபத்தைந்து சுட்டாள். ஒன்பது உடைந்தது. நேற்று பதினாறு. தோளில் கன்றிய தடம் இல்லை. நடுவில் அவளுக்குத் தெரியாமல் ஒரு போலித் தோட்டா வைத்துக் கொடுத்தேன் அக்கா, குழல் அசையவில்லை. எனக்கு வைத்தபோது அசைந்தது.

தாளும் சுட்டோம். மூன்று வகைத் தோட்டா, மூன்று தாள். ஒரு வகையில் ஒன்பது ரவையில் எட்டு உள்ளங்கைக்குள், ஒன்று மட்டும் ஒரு சாண் தள்ளி. அந்த ஒரு ஓட்டையைத்தான் இருவரும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த வகையை வாங்கவில்லை. பின்வாசல் ஐயா சொன்னபடி நடந்தும் பார்த்தோம். மகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் அறைக்கு வந்து தாழிட மனைவிக்குப் பதினொரு விநாடி. நான் போனால் பதினெட்டு, நான் படுக்கிற பக்கம் அப்படி. கட்டிலில் இடம் மாற்றிக்கொண்டோம்.

ஒரு சின்னச் சந்தேகம். நீளக் குழலை மாட்டி இருபது சுட்டதும் குழல் லேசாக ஆடுகிற மாதிரி இருக்கிறது. குழலைப் பிடித்திருக்கிற திருகை ஸ்பேனர் போட்டு இறுக்கலாமா?

ஆரஞ்சுத்தட்டு:

ஸ்பேனர் வேண்டாம், மரை போய்விடும். முன்பிடியைப் பாதி பின்னால் இழுத்து வைத்துக்கொண்டு, குழல் ரிசீவருக்குள் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கையால் முடிந்த மட்டும் இறுக்குங்கள். சுடச் சுட அது கொஞ்சம் தளரும். ஒவ்வொரு இருபத்தைந்துக்கும் ஒருமுறை, துப்பாக்கி காலியாகித் திறந்திருக்கும்போது தொட்டுப் பார்த்துக்கொண்டால் போதும்.

அடுத்த ஞாயிறு உங்களுக்கு ஒரு வேலை. போலித் தோட்டாவை இனி அவர் உங்களுக்கு வைக்கட்டும்.